ஆய்வகத்தில் பிறந்த பேட்டரி மறுசுழற்சி முறை: உரிமம் கொடுப்பதா, கம்பெனி தொடங்குவதா?

மேசை மேல் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. உள்ளே வெள்ளைத் தூள், 40 கிராம் இருக்கும். லித்தியம் கார்பனேட். பழைய மின்சார ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து சுரண்டிய கறுப்புத் தூளைக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டு, தாங்களே கண்டுபிடித்த முறையில் கரைத்து, வடிகட்டி, உலர்த்தி எடுத்தது. அதற்குப் பின்னால் ஒரு உதவிப் பேராசிரியையின் நான்கு வருடமும் அவருடைய ஆய்வு மாணவரின் முழு முனைவர் பட்டக் காலமும் இருக்கின்றன.

"அண்ணா, இதுக்கு மேல என்ன பண்றது? யாராவது ரீசைக்ளருக்குக் கொடுத்திடலாமா, இல்ல நாங்களே கம்பெனி ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டார் பேராசிரியை. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். மாணவர் ஒன்றும் பேசாமல் புட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

இதே கேள்வியோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆய்வகம் இது. முதல் இருவருக்கும் வாய்வழியாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு ஒரு முறையைக் கொண்டுபோகும் வேலையில் சில வருடங்கள் இருந்தவன் என்பதால், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று ஓரளவு தெரியும்.

பொதுவாக இப்படிப்பட்ட ஆய்வுக்கு மூன்று வழிகள். கண்டுபிடிப்பின் உரிமத்தை ஏற்கெனவே இயங்கும் மறுசுழற்சி ஆலைகளுக்குக் கொடுப்பது. பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்து வரும் கம்பெனியாக, அதாவது ஸ்பின்-அவுட்டாக, தொடங்குவது. ஓர் ஆலையோடு சேர்ந்து கூட்டாக வளர்த்து, அதன் பிறகு முடிவெடுப்பது. நான்காவதாக, எல்லாவற்றையும் கட்டுரையாக வெளியிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு. அது பெருந்தன்மையான வழிதான். ஆனால் பேட்டரி மறுசுழற்சியில் ஒருவர் பல கோடி போட்டு ஆலை மாற்றம் செய்தால்தான் முறை உயிர் பெறும். யாருக்கும் தனி உரிமை இல்லாத ஒன்றுக்கு அந்தப் பணத்தைப் போட ஆள் கிடைப்பது கடினம். அதனால் அதை இதோடு விடுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது தூளை

மூன்றையும் ஒப்பிடும் முன், கையில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பணம் இருப்பது அறிவியலிலா, தூளிலா என்பது அங்கேதான் தெரியும்.

பேட்டரி பேக்கை உடைத்து, செல்லை நறுக்கி, சல்லடையில் சலித்தால் வரும் கறுப்புத் தூளைத் தொழிலில் பிளாக் மாஸ் என்பார்கள். அதில் நேர்மின்வாய்ப் பொருளும் கிராஃபைட்டும் கலந்திருக்கும். நேர்மின்வாய் நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் கலந்த என்.எம்.சி 622 வகையாக இருந்தால், அந்தப் பொருளின் எடையில் நிக்கல் 36%, கோபால்ட் 12%, லித்தியம் 7%. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாக, அதாவது எல்.எஃப்.பியாக, இருந்தால் லித்தியம் 4.4% மட்டும்தான். மீதியெல்லாம் இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த, விலை குறைந்த சரக்கு.

நம் ஆய்வகத்தின் முறை எல்.எஃப்.பிக்கானது. ஒரு கிலோ சுத்தமான எல்.எஃப்.பி தூளில் துளி நஷ்டம் இல்லாமல் எடுத்தாலும் 234 கிராம் லித்தியம் கார்பனேட்தான் கிடைக்கும். 2022 நவம்பரில் சீனச் சந்தையில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் 6 லட்சம் யுவானை ஒட்டி இருந்தது. அந்தக் கணக்கில் அந்த 234 கிராமின் மதிப்பு 140 யுவான். 2025 நடுவில் டன் விலை 60 ஆயிரம் யுவான் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே தூள், அதே வேலை, ஆனால் மதிப்பு 14 யுவான்.

இந்த ஒரு கணக்கை மாணவர் தன் நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார். கட்டுரைகளில் 95% மீட்பு, 98% தூய்மை என்று எழுதுகிறோம். ஆனால் 95ஐ 98 ஆக்குவதால் கூடும் வருமானத்தைப் போல பல மடங்கு, விலைச் சரிவில் ஒரே வருடத்தில் போய்விடும். கம்பெனி தொடங்குகிறவர் தலையில் விழுவது இந்த விலைதான். உரிமம் கொடுக்கிறவர் தலையில் அதில் கொஞ்சம்தான் விழும்.

உரிமம் கொடுத்தால்

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஹைதராபாத்தில் மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சி-மெட் நிறுவனம், தெலங்கானா அரசோடும் கிரீன்கோ நிறுவனத்தோடும் சேர்ந்து மின்கழிவுக்கான மையம் ஒன்றை அமைத்தது. அங்கே வளர்த்தெடுத்த லித்தியம்-அயன் மறுசுழற்சித் தொழில்நுட்பம் 2023இல் ஒன்பது மறுசுழற்சி நிறுவனங்களுக்கும் புதிய தொழில்முனைவோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப்பட்டது. பல வகை பேட்டரிகள் கலந்து வந்தாலும் லித்தியம், கோபால்ட், மாங்கனீஸ், நிக்கல் ஆகியவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் மீட்கலாம் என்று அறிவித்தார்கள்.

பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு ஒருவர் பெட்டிக்குள் அடைபடாமல் ஒன்பது ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஆலை மூடினாலும் முறை சாகாது. ஆய்வாளர் ஆய்வாளராகவே இருக்கலாம். வகுப்பு எடுக்கலாம், அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஆனால் எல்லோருக்கும் பொதுவான உரிமத்தில் ஒரு சிக்கல் உண்டு. அரைகுறையாக இருக்கும் முறையைச் செப்பனிட யாராவது ஒரு வருடம் மாரடிக்க வேண்டும். பக்கத்து ஆலையும் அதே முறையை வாங்கியிருக்கும்போது அந்தச் செலவை நான் ஏன் செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அரசு ஆய்வகம் முறையை ஆலை அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டுக் கொடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். பல்கலைக்கழகத்தில் பீக்கர் அளவில் நிற்கும் ஒன்றைக் கொடுத்தால், ஒப்பந்தம் கோப்பிலேயே இருக்கும்.

ஒரே நிறுவனத்துக்குத் தனி உரிமம் கொடுத்தால் அவர்கள் பணம் போட வாய்ப்பு அதிகம். ஆனால் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால்? அதனால் தனி உரிமம் என்றால் கெடு இருக்க வேண்டும். இத்தனை மாதத்துக்குள் இத்தனை கிலோ ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் உரிமம் பொதுவாகிவிடும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பத்திக்காகச் சண்டை போடலாம். ராயல்டி அரை சதவீதம் கூடுமா குறையுமா என்பதற்காகச் சண்டை போடுவதில் பெரிய பயனில்லை.

கம்பெனி தொடங்கினால்

ஸ்பின்-அவுட் என்றதும் எல்லோரும் காட்டும் பெயர் அமெரிக்காவின் வுஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்திலிருந்து வந்த கம்பெனி. பேராசிரியர் யான் வாங்கும் சக ஆய்வாளர்களும் 2015இல் பேட்டரி ரிசோர்சர்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2022இல் அசென்ட் எலிமென்ட்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அவர்கள் எடுத்த முடிவை நம் ஆட்கள் கவனித்துப் படிக்க வேண்டும். உலோகங்களைத் தனித்தனியாகப் பிரித்து உப்பாக விற்கும் வழியை அவர்கள் விட்டுவிட்டார்கள். கரைசலில் இருக்கும் அசுத்தங்களை நீக்கி, நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் விகிதத்தைச் சரிசெய்து, அதிலிருந்தே புது நேர்மின்வாய்ப் பொருளாக வடித்தார்கள். உப்பு விற்கிறவருக்குச் சந்தை விலைதான் கிடைக்கும். பேட்டரித் தொழிற்சாலைக்கு நேரே போகும் பொருளை விற்கிறவர் விலை பேச முடியும். அப்படி மீட்டெடுத்த பொருள் புதுப் பொருளுக்கு இணையாக, சிலவற்றில் அதைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று 2021இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். கம்பெனிக்கு என்று ஒரு காரணம் அங்கே இருந்தது.

அப்படி இருந்தும் பாதை மெத்தையாக இல்லை. கென்டக்கி மாநிலத்தின் ஹாப்கின்ஸ்வில் ஆலைக்காக 2022இல் அமெரிக்க எரிசக்தித் துறை 48 கோடி டாலர் மானியம் அறிவித்தது. அதில் 16.4 கோடி டாலருக்கான பகுதி 2025இல் இரு தரப்பும் பேசி ரத்தானது. பல்கலைக்கழகத்திலிருந்து வராத லி-சைக்கிள் என்ற கனடா மறுசுழற்சிக் கம்பெனியின் கதை இதைவிடக் கடுமை. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் அவர்கள் கட்டிய ஆலைக்கு அதுவரை சொல்லி வந்த கணக்கு 56 கோடி டாலர். செலவு 85 கோடியிலிருந்து 100 கோடி வரை போகும் என்று தெரிந்ததும் 2023 அக்டோபரில் கட்டுமானத்தை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். கடைசியில் கிளென்கோர் என்ற சுரங்க நிறுவனம் வாங்கிக்கொண்டது. அறிவியல் பொய்த்து விழுந்த கம்பெனி இல்லை அது. கட்டி முடிக்கும் முன்பே பணம் தீர்ந்துவிட்டது.

ஜெர்மனியில் வேறு மாதிரி நடந்தது. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த லித்தோரெக் என்ற ஆய்வுத் திட்டத்தில், 2009இலிருந்தே வாகனக் கம்பெனிகளும் வேதியியல் கம்பெனிகளும் உள்ளே உட்கார்ந்திருந்தன. அதிலிருந்து கிளைத்ததுதான் டூசன்ஃபெல்ட். செல்லை நைட்ரஜன் சூழலில் நறுக்கி, வெற்றிடத்தில் உலர்த்தி, எரியக்கூடிய கரைப்பானைத் தனியே பிடிக்கும் முறை அவர்களுடையது. உலையில் உருக்காத வழி. ஆஹன் பல்கலைக்கழகத்திலிருந்து 2022இல் வந்த சிலிப் நிறுவனம் 2024இல் 5.5 கோடி யூரோ முதலீடு திரட்டியது. இந்த இரண்டிலும் எனக்குப் படும் விஷயம் ஒன்று: சுற்றிலும் கார்த் தொழிற்சாலைகள். பழைய பேட்டரி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பதில் இருந்தது.

தமிழ்நாட்டில் அந்தப் பதில் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் நேராக நம் கைக்கு வராது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேறு இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. தொழிற்சாலையில் தரம் தேறாத செல்லும் பேக்கும் மொத்தமாக, ஒப்பந்தம் போட்டுத்தான் வெளியே போகும். அந்த ஒப்பந்தத்துக்கு அட்டெரோ, லோஹம் போன்ற பெரிய மறுசுழற்சி நிறுவனங்களோடு போட்டி போட வேண்டும். சாலையில் ஓடி முடித்த வண்டியின் பேட்டரி டீலரிடமோ காயலான் கடையிலோ போய் நிற்கும். காயலான் கடைக்காரருக்கு உங்கள் காப்புரிமை முக்கியமில்லை. கிலோவுக்கு யார் ஐந்து ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள், யார் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

இதைத்தான் நான் அவரிடம் அழுத்திச் சொன்னேன். மறுசுழற்சிக் கம்பெனி என்பது தினமும் பழைய பேட்டரி உள்ளே வந்து, தினமும் விற்கிற சரக்கு வெளியே போக வேண்டிய தொழில். உங்கள் முறை அதன் நடுவில் இருக்கும் ஒரு தொட்டி. அந்தத் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், இரண்டு பக்கமும் ஆள் இல்லையென்றால் அது காய்ந்து கிடக்கும்.

சட்டம் ஒரு பக்கம் உதவுகிறது, ஒரு பக்கம் வேலை வைக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரிப்பாளர்கள் தாங்கள் விற்ற பேட்டரிகளை மறுசுழற்சிக்கு அனுப்பிய கணக்கைக் காட்ட வேண்டும். மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழ் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கிடைக்கும். மின்வாகன பேட்டரியில் பொருள் மீட்பு குறைந்தது 2024-25இல் 70%, 2025-26இல் 80%, 2026-27 முதல் 90% இருக்க வேண்டும். 2027-28இலிருந்து புது பேட்டரியிலும் ஒரு பங்கு மறுசுழற்சிப் பொருள் இருந்தாக வேண்டும். ஆக, நல்ல முறைக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிகள், அபாயக் கழிவு அங்கீகாரம், தீயணைப்பு, கழிவுநீர் என்று எல்லாம் கம்பெனி தொடங்குகிறவர் தலையில். உரிமம் மட்டும் கொடுத்தவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

பணம்? விதைப் பணம் கிடைக்கும். 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம் ஒரு யோசனையை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியமும், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடன் அல்லது பங்காக மாற்றக்கூடிய கடனும் என்று வகுத்தது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு. பிளாக் மாஸ் செய்வதோடு நிறுத்துபவர்களுக்கு இல்லாமல், அதிலிருந்து கனிமத்தைப் பிரித்தெடுப்பவர்களுக்கு என்று சொல்லியிருப்பது நம் ஆய்வகம் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அதன் மூலதன மானியம் இயந்திரச் செலவில் 20 சதவீதம்தான். மீதி 80 உங்கள் பக்கம். 20 லட்சத்தில் ஒரு சோதனை முடியும். தூளைக் கரைக்கும் ரியாக்டரும் வடிகட்டும் ஃபில்டர் பிரஸ்ஸும் ஆவியாக்கியும் கொண்ட ஆலை வேறு உலகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல நல்ல முறைகள் செத்துப்போகின்றன.

பங்கு பற்றியும் கேட்டார்கள். மத்திய கல்வித் துறை 2019இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என்று வெளியிட்ட தொழில்முனைவுக் கொள்கை, கல்வி நிறுவனம் கம்பெனியில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுக்கலாம் என்கிறது. இது வழிகாட்டுதல். உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனில் இந்தப் பங்கு 25 சதவீதம் வரை போவதும் உண்டு என்பதால், நம் ஊர் அளவு ஆய்வாளருக்குச் சாதகம்தான். யார் முழுநேரம் வருவார்கள் என்பதுதான் பங்கைவிடப் பெரிய கேள்வி. பேராசிரியை வேலையை விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். அப்படியென்றால் காலை ஏழு மணிக்கு ஆலைக் கதவைத் திறக்கப்போவது மாணவர். அவருக்கு வீட்டில் தங்கை திருமணம் இருக்கிறது, சென்னையில் ஒரு வேலைக்கு அழைப்பும் வந்திருக்கிறது. இதை யாரும் அந்த மேசையில் அதுவரை வாய்விட்டுக் கேட்கவில்லை.

இருநூறு லிட்டரில் நடந்தது

மூன்றாவது வழிக்கு நான் ஏன் சாய்கிறேன் என்று சொல்ல, ஒரு நாள் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வேறு ஒரு முறை, வேறு ஒரு ஆலை. பீக்கரில் நூறு கிராம் என்.எம்.சி தூளைக் கந்தக அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் அறுபது முறைக்கு மேல் கரைத்திருந்தோம். வரைபடம் எல்லாம் நேர்க்கோடு. 200 லிட்டர் ரியாக்டரில் முதல் முறை ஓட்டிய அன்று பெராக்சைடைப் பீக்கரில் ஊற்றிய அதே வேகக் கணக்கில் விட்டோம். பத்து நிமிடத்தில் சாம்பல் நிற நுரை பொங்கி மூடியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. வெப்பமானி ஏறிக்கொண்டே போனது. ஆலை ஆள் ஒருவர்தான் ஓடிப்போய் வால்வை மூடினார். என் ரப்பர் பூட்ஸ் மேல் கறுப்பாக வழிந்தது இன்றும் கண் முன்னே நிற்கிறது.

காரணம் பிறகு புரிந்தது. ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தியது தகட்டிலிருந்து நிதானமாகச் சுரண்டிய தூள். ஆலைக்கு வந்தது இயந்திரத்தில் நறுக்கியது. அதில் பொடிப்பொடியாக அலுமினியத் தகடும் தாமிரத் தகடும் கலந்திருந்தன. அலுமினியம் அமிலத்தில் ஹைட்ரஜன் வாயு கிளப்பும். கரைந்த உலோகங்கள் பெராக்சைடைத் தாறுமாறாகச் சிதைக்கும். பீக்கரின் கண்ணாடிச் சுவர் வழியே வெளியேறிய சூடு, பெரிய கலனில் வெளியேற வழியில்லை. அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் பிடித்தது.

அந்த ஐந்து மாதம் யார் செலவில் நடக்கிறது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன. உரிமம் விற்றிருந்தால் வாங்கியவர் முதல் நாளே, "சார், உங்க முறை வேலை செய்யல" என்று கடிதம் எழுதியிருப்பார். சொந்தக் கம்பெனியாக இருந்தால் விதைப் பணத்தில் பாதி அங்கேயே கரைந்திருக்கும். கூட்டு வேலை என்பதால் ரியாக்டரும் ஆளும் ஆலையுடையது, மூளையும் சம்பளமும் ஆய்வகத்துடையது. யாரும் திவாலாகவில்லை.

கூட்டு வேலையின் குறை, வந்த முன்னேற்றம் யாருடையது என்ற தகராறு. நுரையை அடக்க ஆலை ஆள் சொன்ன ஒரு சின்ன மாற்றம்தான் கடைசியில் முறையின் உயிர்நாடியாகிவிட்டது. அது யார் பெயரில் போகும்? முதல் நாளே எழுதிக்கொள்ளாவிட்டால் நட்பு கெடும். எங்களுக்குக் கெட்டது.

கதவைத் திறக்கும் முன் காப்புரிமை

எந்த வழியாக இருந்தாலும், வெளியே பேசும் முன் விண்ணப்பம் போட்டாக வேண்டும். அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு வருடத்துக்குள் போடலாம் என்று கேள்விப்பட்டு நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் ஆய்வுக் கட்டுரைக்கு அப்படிப் பொதுவான சலுகைக் காலம் கிடையாது. முனைவர் பட்ட ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் ஏறினாலே அது வெளியீடுதான். நான் இருந்த ஒரு குழுவில், விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டினோம். அதில் இருந்த ஒரு அட்டவணையால் எங்கள் உரிமைக் கோரிக்கை பாதியாகச் சுருங்கியது.

இன்னொன்று, காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. தெரிந்த ஒரு செய்முறையை வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது. புதுப் பொருள் விளைய வேண்டும், அல்லது குறைந்தது ஒரு புதிய வினைபடுபொருளாவது சேர வேண்டும். தெரிந்த அமிலக் கரைப்பையே வேறு ஒரு தூளுக்குப் பயன்படுத்துவது என்ற அளவில் நிற்கும் முறைகளுக்கு இது பெரிய தடை. நம் பேராசிரியையின் முறையில் லித்தியம் மட்டும் முதலில் வெளியே வந்து, இரும்பு பாஸ்பேட் திடமாகவே தங்கிவிடுகிறது. அமில வீணடிப்பும் உப்புக் கழிவும் குறைகின்றன. கோரிக்கையை அந்த வரிசைமுறையின் மேல் கட்டச் சொன்னேன். கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80% சலுகை 2021 முதல் இருப்பதால் செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.

அவர்களுக்கு நான் சொன்னது

எல்லா ஆய்வுக்கும் ஒரே பதில் கிடையாது. பேட்டரியின் ஆயுளைச் சில நிமிடங்களில் சோதிக்கும் கருவியோ மென்பொருளோ என்றால் யோசிக்காமல் கம்பெனி தொடங்கச் சொல்வேன். அமிலமும் இல்லை, கழிவுநீரும் இல்லை, இயந்திரத்தைச் செய்து பத்து ஆலைக்கு விற்கலாம். வுஸ்டர் ஆட்கள் போல நேரே நேர்மின்வாய்ப் பொருளாகவே முடியும் முழு முறை என்றாலும் கம்பெனிக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் முதலீடு பெரிது, பொறுமை அதைவிடப் பெரிது. நம் ஆய்வகத்தின் முறை இரண்டும் இல்லை. ஓர் ஆலையின் வரிசைக்குள் நுழையும் ஒரு படி. அதுவும் எல்.எஃப்.பி என்ற, கிலோவுக்குக் குறைந்த காசு தரும் தூளுக்கானது. இப்படிப்பட்ட படி தனியாகக் கம்பெனி தாங்காது என்பது என் முடிவு. ஏற்கெனவே என்.எம்.சி ஓட்டிக்கொண்டிருக்கும் ஆலைக்கு, எல்.எஃப்.பியை என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருக்கும் ஆலைக்கு, அது பொன் போன்றது.

அதனால் நான் சொன்ன வழி இது. ஒரு மறுசுழற்சி ஆலையோடு 12 மாத ஒப்பந்தம் போடுங்கள். அவர்கள் தங்கள் அசல் பிளாக் மாஸையும் ஒரு சிறிய ரியாக்டரையும் தருவார்கள். நீங்கள் முறையையும் மாணவரையும் தருவீர்கள். பழைய முறையின் உரிமை பல்கலைக்கழகத்துக்கே. புதிதாக வருவது அந்த ரியாக்டருக்கு மட்டும் பொருந்துவதாக இருந்தால் ஆலைக்கு, முறைக்கே பொருந்துவதாக இருந்தால் இருவருக்கும். வருட முடிவில் முதலில் உரிமம் கேட்கும் வாய்ப்பு அந்த ஆலைக்கு, ஆனால் 90 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதவு திறந்துவிடும். அப்போது கையில் ஆலை அளவு எண்கள் இருக்கும். ஒரு டன் தூளுக்கு எவ்வளவு அமிலம், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு கழிவுநீர் என்று. அந்தத் தாளோடு போனால் முதலீட்டாளரும் உட்கார்ந்து கேட்பார், உரிமம் வாங்குபவரும் பேரம் பேசுவதைக் குறைப்பார்.

"அப்போ கம்பெனி வேண்டாம்ங்கிறீங்களா?" என்றார் மாணவர். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு விஷயம் எழுத்தில் கிடைத்தால் அன்றைக்கே தொடங்கலாம் என்றேன். மாதம் இத்தனை கிலோ எல்.எஃப்.பி கழிவு தருவோம் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். லித்தியம் கார்பனேட்டையும் இரும்பு பாஸ்பேட்டையும் இந்தத் தரத்தில் எடுத்துக்கொள்வோம் என்று இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். விலை டன்னுக்கு 60 ஆயிரம் யுவான் அளவுக்கு இறங்கினாலும் கணக்கு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் தங்கை திருமணம் முடிந்த கையோடு நானே வந்து கம்பெனிப் பதிவுக்கு உட்காருகிறேன் என்றேன்.

அவர் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். பேராசிரியை காப்புரிமைப் படிவத்தை அச்செடுக்கப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓர் ஆலையிலிருந்து பத்து கிலோ பிளாக் மாஸ் வாங்கி வர மாணவர் போகிறார், இயந்திரத்தில் நறுக்கியது, அலுமினியத் தூளோடு. முதல் முறை ஓட்டும்போது பெராக்சைடை மெதுவாக விடச் சொல்லியிருக்கிறேன்.